எதுவும் சிக்காத இரவுகளின் கணக்கு

1885 மே மாதம் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து ரிச்சர்ட் பௌட்லர் ஷார்ப் என்ற பறவையியலாளர் சிம்லாவுக்கு வந்தார். அங்கே ஜாக்கோ மலையில் ஆலன் ஆக்டேவியன் ஹியூமின் வீடு இருந்தது. காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் என்றே நம் பாடப்புத்தகங்கள் ஹியூமை அறிமுகப்படுத்துகின்றன. அந்தச் சபை கூடியது அதே ஆண்டு டிசம்பரில். அதற்கு முந்தைய கால் நூற்றாண்டு முழுக்க அவர் மனம் வேறொன்றில் இருந்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகள் எல்லாவற்றையும் பற்றி ஒரு பெருநூல் எழுதவேண்டும் என்பது அவர் திட்டம். அதற்காகச் சொந்தப் பணத்தில் ஆளனுப்பியும் பயணம் போயும் கடிதம் எழுதிக் கேட்டும், தோல், முட்டை, கூடு எனச் சுமார் 82,000 மாதிரிகளைச் சேர்த்திருந்தார். அத்தனையையும் அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். அவற்றைப் பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றத்தான் ஷார்ப் வந்திருந்தார்.

உயிரைப் போலக் காத்த சேகரிப்பை அவர் கைவிடக் காரணம் முந்தைய குளிர்காலத்தில் நடந்தது. ஹியூம் சிம்லாவில் இல்லாத நேரம் பார்த்து, வீட்டு வேலையாள் ஒருவர் அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கடைத்தெருவில் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிட்டார். அத்தனையும் இருபத்தைந்து ஆண்டுகளில் எழுதிச் சேர்த்தவை. தப்பிய பகுதிகளை வைத்துப் பறவைக் கூடுகளும் முட்டைகளும் பற்றிய நூலின் இரண்டாம் பதிப்பை யூஜின் ஓட்ஸ் 1889–90இல் கொண்டுவந்தார். ஹியூம் கனவு கண்ட பெருநூல் எழுதப்படவே இல்லை.

பறவையியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு சோக நிகழ்வாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு இதில் நின்று யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாகப் படுகிறது. மாதிரிகள் பத்திரமாக இருக்கின்றன. தோல் ஒவ்வொன்றின் காலிலும் சீட்டு கட்டியிருக்கிறது. அப்படியிருக்க, காகிதத்தோடு போனது என்ன?

ஆய்வுக்கென்று பாடம் செய்த ஒரு பறவைத் தோலை எடுத்துக்கொள்வோம். வயிற்றைக் கீறி உடலை நீக்கி, உள்ளே பஞ்சு அடைத்து, இறக்கைகளை உடம்போடு ஒட்டி மடித்து, மல்லாந்து படுக்கும்படி செய்திருப்பார்கள். நூலில் கட்டிய சீட்டில் எண், நாள், இடம், ஆணா பெண்ணா, சேகரித்தவர் பெயர் இருக்கும். இறகின் நிறம், அலகின் நீளம், இறக்கையின் அளவு ஆகியவற்றைத் தோலே சொல்லும். அந்தப் பறவை எந்த மரத்தில் உட்கார்ந்திருந்தது, தனியாக வந்ததா கூட்டமாகவா, அந்தப் பக்கத்தில் அதைப்போல் எத்தனை இருந்தன, அதைத் தேடி எத்தனை நாள் அலைந்தார்கள் என்பவற்றைத் தோல் சொல்லாது, சீட்டிலும் இடமில்லை. களத்தில் அன்றன்று எழுதிய குறிப்பு மட்டுமே இவற்றைச் சொல்லும்.

சீட்டு பொய் சொன்னால் என்ன நேரும் என்பதற்கும் இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. 1872இல் எஃப். ஆர். பிளூவிட் என்பவர் மத்திய இந்தியக் காட்டில் ஒரு சிறு ஆந்தையைச் சுட்டு ஹியூமுக்கு அனுப்பினார். ஹியூம் மறு ஆண்டே அதைப் புதிய இனமாக அறிவித்து, பிளூவிட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற அதிகாரி கான்தேஷ் பகுதியில் அதே ஆந்தையைச் சேகரித்தார். அதன் பிறகு உலக அருங்காட்சியகங்களில் மொத்தம் ஏழு தோல்களோடு இந்த வனச் சிற்றாந்தையின் கதை நின்றுபோனது. அந்த ஏழில் ஒன்று மட்டும் காலத்தால் மிகப் பிந்தியது. 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் தானே சுட்டதாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் என்ற ராணுவ அதிகாரி எழுதிக் கட்டிய சீட்டு அதில் இருந்தது. கடைசியாகக் கண்ட இடம் அது என்பதால், பின்னாளில் தேடியவர்கள் குஜராத்துக்குப் போனார்கள். ஆந்தை கிடைக்கவில்லை. அழிந்துபோயிருக்கும் என்ற எண்ணம் பரவியது.

1990களில் பமீலா ராஸ்முசன் என்ற பறவையியலாளர் அந்தத் தோலை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தார். மேலே தெரிந்தது பிறகு யாரோ பிரித்து மறுபடி செய்த வேலை. உள்ளே தெரிந்த கைப்பக்குவம் டேவிட்சனுடையது. தோல் பாடம் செய்வதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. அருங்காட்சியகத்தில் இருந்த டேவிட்சனின் தோலைத் திருடி, சீட்டை மாற்றி, மைனர்ட்ஸ்ஹேகன் தன்னுடையதாக்கிக் கொண்டிருந்தார். 1914 குறிப்பை ஒதுக்கிவிட்டு, பழைய சேகரிப்பாளர்கள் உண்மையாகவே சுட்ட இடங்களைத் தேடி ராஸ்முசன் இரு தோழர்களோடு கிளம்பினார். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அந்த ஆந்தை பகலில், ஒரு மரக்கிளையில் அமர்ந்திருந்தது. டேவிட்சனின் காலத்துக்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் எந்த உயிரியலாளர் கண்ணிலும் அது படவில்லை. தேடியவர்களுக்கு உழைப்பில் குறையில்லை. ஒரு பொய்ச் சீட்டு அவர்களைத் தவறான ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது.

ஹியூமின் கதையில் குறிப்பு தொலைந்தது, ஆந்தையின் கதையில் குறிப்பு பொய்த்தது. களக் குறிப்பு முழுமையாகவும் நேர்மையாகவும் எழுதப்பட்டு, தொலையாமல் காக்கப்பட்டால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிய நாம் கலிபோர்னியாவுக்குப் போகவேண்டும்.

பெர்க்லியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகம் 1908இல் தொடங்கப்பட்டது. பணம் கொடுத்தவர் ஆனி மான்டேகு அலெக்சாண்டர். ஹவாயில் கரும்புத் தோட்டங்களும் சர்க்கரை ஆலைகளும் நடத்திய குடும்பத்தின் மகள். பணத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அலாஸ்கா முதல் பாலைவனங்கள் வரை தானே பயணம் போய் விலங்குகளைச் சேகரித்தார். தோழி லூயிஸ் கெல்லாக்குடன் முதுமையிலும் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராக அவர் தேர்ந்தெடுத்தவர் ஜோசப் கிரின்னல். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. 1939இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கலிபோர்னியா தன் கண்ணெதிரே மாறிக்கொண்டிருப்பதைக் கிரின்னல் பார்த்தார். சதுப்பு நிலங்கள் வயல்களாகிக்கொண்டிருந்தன, காடுகள் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தன, ஊர்கள் வளர்ந்துகொண்டிருந்தன. மாறி முடிவதற்குள் இருப்பதை எழுதி வைத்துவிடவேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருந்தது. 1910இல் எழுதிய ஒரு கட்டுரையில், தங்கள் அருங்காட்சியகத்தின் முழு மதிப்பு பல ஆண்டுகள், ஒருவேளை ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகே தெரியவரும் என்று சொல்லியிருக்கிறார். அந்த நாளைய சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் புதிய இனம் கண்டுபிடித்துப் பெயரிடவே அலைந்தார்கள். இன்னும் பிறக்காத ஒரு வாசகருக்காகத் தன் ஊழியர்களை இரவில் விளக்கு வைத்து எழுதச் சொன்ன ஒருவரை இந்தத் துறையின் வரலாற்றில் அரிதாகவே பார்க்கமுடியும். என் மதிப்பில் அவருடைய பெரிய சாதனை அதுதான். ஓர் உயிரினம் சூழலில் எந்த இடத்துக்குப் பொருந்தி வாழ்கிறது என்ற கருத்தை 1917இல் கலிபோர்னியப் பறவை ஒன்றை முன்வைத்து அவர் எழுதிய கட்டுரைதான் பாடநூல்களில் அவர் பெயரை நிறுத்தியது. அந்தக் கட்டுரைக்கும் அடிப்படை களக் குறிப்புகளே.

குறிப்பெடுக்க அவர் வகுத்த முறை கண்டிப்பானது. களத்தில் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு, பென்சில். கண்டதை அந்த இடத்திலேயே கிறுக்கிக்கொள்ள வேண்டும். கூடாரத்துக்குத் திரும்பியதும் அன்றைக்கே அதைத் தனித்தாள்களில் அழியாத கறுப்பு மையால் எழுதவேண்டும். தாளின் இடது மேல் மூலையில் எழுதுபவர் பெயர், கீழே ஆண்டு. மேலே இடத்தின் பெயர், ஓரத்தில் தேதி. இது நாட்குறிப்பு: எங்கே போனோம், வானிலை எப்படி, என்ன மரங்கள், எங்கே பொறி வைத்தோம். இரண்டாவதாக ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனித் தாள். அறிவியல் பெயருக்குக் கீழே அலைக்கோடு போட்டு, அந்த விலங்கு என்ன செய்தது, எதைத் தின்றது, எப்படிக் கத்தியது என்று எழுதுவார்கள். மூன்றாவதாக மாதிரிப் பட்டியல்: வரிசை எண், பால், பிறகு அளவுகள். எலியானால் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை மொத்த நீளம், வாலின் நீளம், பின்னங்காலின் நீளம், காதின் உயரம், எடை. அதே எண் தோலின் காலில் கட்டிய சீட்டிலும் இருக்கும். இன்று பெர்க்லியில் ஒரு இழுப்பறையைத் திறந்து எலித் தோல் ஒன்றை எடுத்தால், சீட்டில் உள்ள எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்த எலி சிக்கிய நாளின் பக்கத்துக்கே போய்விடலாம்.

எது முக்கியம், எது முக்கியமில்லை என்று களத்தில் நிற்பவர் முடிவு செய்யக்கூடாது என்பதில் கிரின்னல் பிடிவாதமாக இருந்தார். பின்னால் எது பயன்படும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் எழுதுங்கள் என்பார். விடியற்காலையில் பொறிகளைப் பார்த்துவர வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பறவைகளைக் கவனிக்க வேண்டும். பிற்பகல் முழுக்கத் தோலுரித்து, ஆர்சனிக் பூசி, பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும். மாலையில் மறுபடி பொறி வைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு எழுதவேண்டும். குளிரில் விரல் விறைத்துப்போகும் மலை முகாம்களில் இந்த ஒழுங்கை வாரக்கணக்கில் கடைப்பிடித்தார்கள்.

1914இலிருந்து 1920 வரை கிரின்னலும் ட்ரேசி ஸ்டோரர், சார்லஸ் கேம்ப், ஜோசப் டிக்சன், வால்டர் டெய்லர் முதலியோரும் யோசெமிட்டி மலைப்பகுதியைக் குறுக்காக ஆராய்ந்தார்கள். மேற்கே சமவெளியில் ஸ்னெல்லிங் என்ற சிற்றூரில் தொடங்கி, சியரா நெவாடா மலைத்தொடரின் முகட்டைக் கடந்து, கிழக்கே மோனோ ஏரிவரை ஒரு நீளப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, வெவ்வேறு உயரங்களில் முகாமிட்டார்கள். 1915இல் லயல் மலையில் 10,000 அடிக்கு மேல் சார்லஸ் கேம்ப் வைத்த எலிப்பொறிகளில் எலிக்குப் பதிலாகத் தட்டைத் தலையுள்ள சாலமாண்டர்கள் மாட்டிக்கொண்டன. அறிவியல் அதுவரை அறியாத இனம். அதன் நெருங்கிய உறவினங்கள் கடல் கடந்து இத்தாலியிலும் சார்டினியாவிலும் உண்டு என்பது இன்னும் வியப்பு. கிரின்னலும் ஸ்டோரரும் சேர்ந்து எழுதிய யோசெமிட்டி விலங்குகள் பற்றிய நூல் 1924இல் வந்தது. அதற்கு முன்பே, 1916இல், தேசியப் பூங்காக்களில் பட்டுப்போன மரங்களை வெட்டாமல் விடவேண்டும், கொன்றுண்ணி விலங்குகளைச் சுட்டுத்தள்ளக் கூடாது என்று இருவரும் எழுதினார்கள். அன்று ஓநாயையும் பூமாவையும் கொல்வதே விலங்குப் பாதுகாப்பு என்று கருதப்பட்டது.

1904க்கும் 1940க்கும் இடையில் கலிபோர்னியாவில் 700க்கு மேற்பட்ட இடங்களில் கிரின்னலும் அவரோடு சேர்ந்தவர்களும் வேலை செய்தார்கள். 1,00,000க்கு மேற்பட்ட மாதிரிகள், சுமார் 74,000 பக்கக் குறிப்புகள், சுமார் 10,000 படங்கள் சேர்ந்தன. ஒவ்வொருவர் குறிப்பையும் ஆண்டுவாரியாகக் கட்டு கட்டி வைத்தார்கள். கிரின்னல் இறந்தார், உலகப்போர் வந்தது, உயிரியல் ஆய்வுக்கூடத்துக்குள் நகர்ந்தது. கட்டுகள் அலமாரியிலேயே இருந்தன.

பிறகு அவற்றை வேறொரு நோக்கில் எடுத்துப் பார்த்தவர்களில் தவளை ஆய்வாளர்களும் உண்டு. சார்லஸ் ட்ராஸ்ட், கேரி ஃபெல்லர்ஸ் இருவரும் 1990களின் தொடக்கத்தில் கிரின்னலும் ஸ்டோரரும் போன அதே குளங்களுக்கும் ஓடைகளுக்கும் போய்த் தேடினார்கள். முன்னவர்கள் கண்ட ஏழு தவளை, தேரை இனங்களில் குறைந்தது ஐந்து மோசமாகக் குறைந்திருந்தன. அவற்றில் மலை மஞ்சள்கால் தவளையும் ஒன்று. உயர்மலை ஏரிகளில் காலெடுத்து வைத்தால் கூட்டம் கூட்டமாகத் தண்ணீருக்குள் குதிக்கும் என்று சொல்லுமளவுக்கு அது ஒரு காலத்தில் மலிந்திருந்தது. மீனே இல்லாத அந்த ஏரிகளில் தூண்டில்காரர்களுக்காக ட்ரௌட் மீன்களை விட்டார்கள், அவை தலைப்பிரட்டைகளைத் தின்றன. மிச்சமிருந்தவற்றைப் பிறகு பூஞ்சை நோய் தாக்கியது. 1990இல் அந்த ஏரிக்கரையில் நின்ற ஓர் இளம் ஆய்வாளருக்கு அமைதியான தெளிந்த தண்ணீர் இயல்பாகவே தோன்றியிருக்கும். அது இயல்பில்லை என்பதற்குச் சாட்சி அலமாரியில் இருந்தது.

2003இல் பெர்க்லி அருங்காட்சியகமே தன் பழைய வேலையைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. அப்போதைய இயக்குநர் கிரெய்க் மோரிட்ஸ், எலிகளையும் அணில்களையும் கைரேகைபோல் அறிந்த ஜேம்ஸ் பாட்டன், பறவைகளுக்கு ஸ்டீவன் பைசிங்கர் எனப் பலர் சேர்ந்து, யோசெமிட்டியின் அதே முகாம்களைக் குறிப்புகளையும் பழைய புகைப்படங்களையும் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார்கள். யோசெமிட்டி 1890 முதல் தேசியப் பூங்கா. அங்கே வயலோ தொழிற்சாலையோ வரவில்லை. ஆகவே விலங்குகள் இடம்பெயர்ந்திருந்தால் மனிதன் நிலத்தை மாற்றியதைக் காரணமாகக் காட்டுவது கடினம். அந்த நூற்றாண்டில் அங்கே இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 3 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது.

இந்த இடத்தில்தான் குறிப்பின் முழு வலிமை வெளிப்படுகிறது. பழைய முகாமில் ஓர் எலி இனம் சிக்கவில்லை, இன்று அதே இடத்தில் சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது புதிதாக வந்ததா, அல்லது அன்றும் இருந்து பொறியில் விழாமல் போனதா? தோல்கள் மட்டும் இருந்தால் பதில் சொல்லவே முடியாது. ஏனென்றால் இல்லாததைப் பாடம் செய்ய முடியாது. ஆனால் கிரின்னலின் ஆட்கள் எத்தனை பொறி வைத்தோம், எத்தனை இரவு வைத்தோம், ஒவ்வொரு காலையும் எதில் என்ன சிக்கியது என்று எழுதியிருந்தார்கள். எதுவும் சிக்காத காலையையும் எழுதியிருந்தார்கள். பறவைகளைப் பார்க்கப் போனபோது எவ்வளவு நேரம் நடந்தோம் என்பதையும் குறித்தார்கள்.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இடத்தில் ஓர் இனம் இருக்கும்போது, ஒரு இரவில் ஒன்றாவது பொறியில் விழும் வாய்ப்பு 60 விழுக்காடு என்று கொள்வோம். ஒரு இரவு மட்டும் வைத்து ஒன்றும் விழாவிட்டால், தவறவிட்டிருக்கும் வாய்ப்பு 40 விழுக்காடு. மூன்று இரவுகளும் விழாவிட்டால் 0.4 × 0.4 × 0.4, அதாவது சுமார் 6 விழுக்காடு. நான்கு இரவுகளென்றால் 3 விழுக்காட்டுக்கும் கீழே. அந்த 60 என்ற எண்ணையும் ஊகிக்க வேண்டியதில்லை. அந்த இனம் நிச்சயமாக இருந்த இடங்களில் எத்தனை இரவு சிக்கியது, எத்தனை இரவு சிக்கவில்லை என்ற வரிசையிலிருந்தே அதைக் கணக்கிடலாம். கிரின்னல் காலத்தில் கொல்லும் பொறி, இன்று பெரும்பாலும் உயிரோடு பிடிக்கும் பெட்டிப் பொறி. இரு காலத்துக்கும் தனித்தனியே வாய்ப்பைக் கணக்கிட்டு அந்த வேறுபாட்டையும் ஈடுகட்ட முடிகிறது. இந்தப் புள்ளியியல் முறை உருவானது கிரின்னல் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. அது கேட்கும் தரவை அவருடைய ஆட்கள் அது பிறக்கும் முன்பே மை தொட்டு எழுதி முடித்திருந்தார்கள்.

2008இல் வெளியான முதல் முடிவின்படி, யோசெமிட்டியில் ஆராயப்பட்ட 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி, தங்கள் வாழிட எல்லையைச் சராசரியாகச் சுமார் 500 மீட்டர் மேல்நோக்கி நகர்த்தியிருந்தன. தாழ்ந்த சரிவுகளில் வாழும் பின்யான் எலி, கிரின்னல் காலத்தில் நினைத்தே பார்த்திராத உயரத்தில் சிக்கியது. உச்சியில் வாழும் ஆல்பைன் சிப்மங்க் என்ற சிறு அணிலின் கீழெல்லை 600 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டது. மலைக்கு மேலே போகப்போக இடம் குறுகும். அந்த அணிலின் பழைய தோல்களிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து இன்றைய அணில்களோடு ஒப்பிட்டபோது, மரபணு வேறுபாடு குறைந்து, சிறு சிறு கூட்டங்களாகத் துண்டுபட்டிருப்பதும் தெரிந்தது. மரபணு எதனால் ஆனது என்றே உலகம் அறியாத காலத்தில் கட்டிய சீட்டுகள் இந்த ஆய்வைத் தாங்கி நின்றன.

எல்லாம் மேலே ஏறுகின்றன என்று எழுதிவிட்டால் தலைப்புச் செய்திக்கு வசதி. குறிப்புகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. யோசெமிட்டியோடு வடக்கே லாசென், தெற்கே தென் சியரா ஆகிய பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தபோது 34 இனங்களில் 25 ஏதாவது ஒரு பகுதியிலாவது எல்லை மாறியிருந்தன. ஆனால் மூன்று பகுதிகளிலும் வாழும் 22 இனங்களில் ஒன்றுகூட மூன்றிலும் ஒரே திசையில் மேலெல்லையையும் கீழெல்லையையும் மாற்றவில்லை. பறவைகளில் ஏறியவையும் உண்டு, இறங்கியவையும் உண்டு. வெப்பம் மேலே தள்ளியது, மழை சிலவற்றைக் கீழே இழுத்தது.

பாலைவனத்தில் கிடைத்த முடிவு என்னை அதிகம் கலங்கவைத்தது. மொஹாவி பாலையில் கிரின்னல் காலத்து 61 இடங்களை மறுபடி ஆராய்ந்தபோது, ஓர் இடத்துக்குச் சராசரியாக 43 விழுக்காடு பறவை இனங்கள் காணாமல் போயிருந்தன. 135 இனங்களில் 39 குறைந்திருந்தன, பெருகியது அண்டங்காக்கை இனமான ரேவன் மட்டும். மழை குறைந்ததே முக்கியக் காரணம் என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. அதே பாலையின் சிறு பாலூட்டிகளோ ஏறக்குறைய அப்படியே இருந்தன. பகலில் வளைக்குள் ஒடுங்கி இரவில் வெளிவரும் எலிக்கு வெயிலைத் தப்ப வழி இருக்கிறது. வெட்டவெளியில் வாழும் பறவைக்கு உடலைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே ஆட்கள் ஒரே முறையில் எழுதிய குறிப்புகள் இருந்ததால்தான் இந்த வேறுபாட்டைப் பார்க்க முடிந்தது.

இந்தக் குறிப்புகளுக்குக் குறையும் உண்டு. "இன்ன இடத்துக்குக் கிழக்கே மூன்று மைல்" என்று எழுதியிருக்கும். சாலை வழியா, நேர்கோட்டிலா? அன்றைய சாலை இன்று இருக்கிறதா? பழைய இடப்பெயர்களை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றும்போது, ஒரு புள்ளியோடு அது எவ்வளவு தூரம் பிசகியிருக்கக்கூடும் என்ற ஆரத்தையும் சேர்த்துப் பதிய வேண்டியிருந்தது. கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்வது வேறு வேலை. பெர்க்லி தன் பக்கங்களைப் படமெடுத்துப் பொதுவில் வைத்திருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் களக் குறிப்பேடுகளைப் பட்டியலிட்டு, பொதுமக்களின் உதவியோடு எழுத்துப்பெயர்ப்புச் செய்துவருகிறது. நம்முடைய பழைய ஆய்வுப் பயணங்களின் குறிப்பேடுகளுக்கும் இப்படி ஒரு வேலை நடந்தால் என்ன என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அலமாரிகளில் உள்ள ஒவ்வொரு தோலும் கொல்லப்பட்ட ஓர் உயிர். இன்று அந்த அளவில் யாரும் கொன்று சேகரிப்பதில்லை, சேகரிக்கவும் கூடாது. குறிப்பில்லாத தோல்கள் உலகெங்கும் கிடங்குகளில் கிடக்கின்றன. அந்த உயிர்கள் வீணாய்ப் போயின என்றே நான் கருதுகிறேன். எதற்காகக் கொன்றோம் என்பதற்கு ஒரு சேகரிப்பாளர் தரக்கூடிய ஒரே பதில், அந்த நாளைப் பற்றி அவர் எழுதிய பக்கம்.

கிரின்னலின் முறை அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்தும் வாழ்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் ஏரிக்கரைகளிலும் வயல்வெளிகளிலும் நின்று கணக்கெடுக்கிறார்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் பார்க்கவேண்டும், பார்த்த நேரத்தைக் குறிக்கவேண்டும், ஈபேர்ட் தளத்தில் பட்டியலை ஏற்றும்போது அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். ஆம் என்று சொன்ன பட்டியலில் சிட்டுக்குருவி இல்லையென்றால், அந்தப் பதினைந்து நிமிடத்தில் அங்கே சிட்டுக்குருவி தென்படவில்லை என்பதும் ஒரு தரவாகிறது. காக்கையும் மைனாவும் எதற்கு என்று விட்டுவிட்டு அரிய பறவையை மட்டும் பதிந்தால் அந்தத் தரவு கிடைக்காது. அதே பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டமும் இருக்கிறது. நம்மில் பலர் அதை நிரப்புவதில்லை. ஏரியில் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது, கரையில் சீமைக் கருவேலம் வெட்டியிருந்தார்களா, பக்கத்து வயலில் நெல்லா, மனை போட்டுக் கல் நட்டிருந்தார்களா, அன்று காலை பனி இருந்ததா என்று நாலு வரி எழுத அதில் இடம் உண்டு.